அர்ஜண்ட் அண்ணனும் ஆவூர்ப் பிரசவமும்

ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரிடம், "என் சம்சாரத்துக்குப் பிரசவ வலிங்க" என்று நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சொன்ன தேதியில் எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. பெண் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். பி.ஏ. படித்தவன், பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நன்னெறி வகுப்பு வேறு எடுத்துக்கொண்டிருந்தவன். இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று கேட்டால், அர்ஜண்ட் அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவரைப் போல அவசரப்பட்ட மனிதர் பூமியில் பிறந்ததில்லை. எட்டாம் மாதமே பிறந்துவிட்டார் என்று புதுக்கோட்டை டாக்ஸி ஸ்டாண்டில் சொல்வார்கள். "ஏழு" என்று அவர் திருத்துவார். அம்மா அப்பா வைத்த பெயர் என்னவென்று எவருக்கும் தெரியாது. அதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் நின்றதில்லை.

சாப்பாட்டுக் கடையில் முதலில் மோர் சோறு சாப்பிடுவார். சாம்பார் சூடாக இருக்குமாம், ஆறுகிற வரை காத்திருக்க முடியாதாம். ஒருமுறை பாதி முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது சவாரி வந்துவிட்டது. வலப்பக்கம் வெட்டியும் இடப்பக்கம் வெட்டாமலும் அறந்தாங்கி வரை போய் வந்தார். திரும்பி வந்தபோது அம்பட்டன் கடை பூட்டியிருந்தது. இரண்டு நாள் அப்படியே திரிந்தார். பிள்ளையாருக்கு ஓடுகிற காரிலிருந்தே தேங்காயை வீசுவார். உடைத்துக்கொள்வது பிள்ளையாரின் பொறுப்பு.

அவருடைய கார் முதலில் சமஸ்தானத்து அதிகாரி ஒருவரிடம் இருந்தது. அந்த அதிகாரி அதைப் பதினைந்து மைலுக்கு மேல் ஓட்டியதே இல்லை. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போனது, அதிகாரியும் ஊரைவிட்டுப் போனார், கார் அர்ஜண்ட் கைக்கு வந்தது. அன்றைக்கு விழித்துக்கொண்டதுதான் அந்தக் கார். பின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் முதலில் இருமும், பிறகு உறுமும். உறுமின மறு விநாடி நாம் உள்ளே இருக்க வேண்டும். வெளியே நின்றால் சவாரி நம்முடையது, பயணம் அவருடையது.

வேகமாகப் போகிறவனுக்குப் போலீஸ் நிச்சயம். போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது என்பதை அர்ஜண்ட் ஒரு சாஸ்திரமாகவே வளர்த்து வைத்திருந்தார்.

"டிரைவர் சொன்னா அது பொய்யி, தம்பி. ஏறி வந்த ஆளு சொன்னா அது காரணம்."

இதுதான் மூல சூத்திரம். ஆகவே அவர் வண்டியில் ஏறினால் சீட்டோடு ஒரு வேஷமும் கிடைக்கும். ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஒத்திகை முடிந்துவிடும். மணமேல்குடிக்குக் கருவாடு வாங்கப் போன வியாபாரி ஒருவருக்கு மூச்சுத்திணறல் வேஷம் கொடுத்தார். மனிதர் அதை அவ்வளவு தத்ரூபமாகச் செய்தார். ஏட்டையா பதறிப்போய் பெட்டிக்கடையில் சோடா வாங்கி அவர் முகத்தில் அடித்தார். நனைந்த சட்டையோடு கருவாடு வாங்கி வந்த வியாபாரி, "மறுபடி ஒங்க வண்டியில ஏறினா சாதா சீட்டு குடுங்க" என்று கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது சூத்திரம்: ஒரே போலீஸ்காரரிடம் ஒரே காரணத்தை இரண்டு தடவை சொல்லக்கூடாது. இதில்தான் அண்ணன் சறுக்கினார். ஆவுடையார்கோவில் பக்கத்தில் ஒரு ஏட்டையா.

"என்னய்யா இவ்வளவு வேகம்?"

"மாமனார் தவறிட்டாருங்க."

"தை மாசம் தவறினாரே?"

"அது மூத்தவருங்க."

"ஆடியில ஒருத்தர் தவறினாரே?"

அர்ஜண்ட் யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

"எத்தனை கல்யாணம்யா கட்டிருக்கே?" என்றார் ஏட்டையா.

"ஒண்ணுகூட இல்லைங்க. நேரம் கிடைக்கலை."

ஏட்டையா சிரித்துவிட்டார். ஆனாலும் எழுதினார். லைசென்ஸில் சிவப்பு மையில் விழுந்த முதல் எழுத்து அது. இரண்டாவது எழுத்துக்கு அண்ணனின் நாக்குதான் காரணம். "ஏன் இவ்வளவு வேகமா வந்தே?" என்று கேட்ட கான்ஸ்டபிளிடம், "நான் வேகமா வரலைங்க. நீங்க ரொம்ப நேரமா அசையாம நிக்கிறீங்க, அதான் அப்படித் தெரியுது" என்று சொல்லிவிட்டார்.

கோர்ட்டில் எச்சரித்து அனுப்பினார்கள். மூன்றாவது எழுத்து விழுந்தால் ஆறு மாதத்துக்கு ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது. ஸ்டாண்டில் வந்து இதைச் சொன்னபோது அண்ணன் காரை மூன்று தடவை சுற்றி வந்தார்.

"ஆறு மாசம் உக்காரணுமாம், தம்பி. நானு! உக்காரணுமாம்!"

பட்டினி கிடப்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உட்காருவதுதான் அவரைப் பயமுறுத்தியது.

இந்த நிலையில்தான் நான் போய் அவர் வண்டியில் ஏறினேன்.

ஆவூரில் பெண். சவரிமுத்து வாத்தியாரின் ஒரே மகள், செசிலி. மாதா கோவிலுக்கு அடுத்த வீடு. சவரிமுத்து வாத்தியார் முப்பது வருஷம் பள்ளிக்கூட மணியைத் தானே அடித்தவர். ரிட்டயர் ஆன பிறகும் மனதுக்குள் அடித்துக்கொண்டிருந்தார். "ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. நாலு அஞ்சுன்னா வேற இடம் பார்த்துக்கச் சொல்லுங்க" என்று தகவல் அனுப்பியிருந்தார். அவருடைய மனைவி தனியாக ஒரு தகவல் அனுப்பினார்: நாலரைக்கு ராகு காலம், அதற்குள் காபி குடித்துவிட வேண்டும். நாங்கள் கிறிஸ்தவர்கள், ராகு காலம் பார்ப்பதில்லை. ராகு காலம் எங்களைப் பார்த்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்போம்.

என் அம்மா காலை பஸ்ஸிலேயே ஆவூருக்குப் போய்விட்டாள். நானும் கூடவே போயிருக்க வேண்டும். என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டை இஸ்திரிக்குப் போயிருந்தது. "பொண்ணு பாக்குறது ஒரு தடவை. சட்டை கசங்கியிருந்தா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவாங்க" என்று அம்மாவிடம் வாதாடிவிட்டு நின்றேன். மத்தியானம் வருகிறேன் என்ற சலவைக்காரர் மூன்று மணிக்கு வந்தார். ஆவூர் இருபத்தைந்து மைல். கீரனூர் தாண்டி உள்ளே மண் ரோடு வேறு. அடுத்த பஸ் ஐந்து மணிக்கு.

ஸ்டாண்டுக்கு ஓடினேன். அர்ஜண்ட் என் முகத்தையும் சட்டையையும் பார்த்தார்.

"பொண்ணா?"

"ஆமாண்ணே. நாலு மணிக்கு ஆவூர்ல இருக்கணும். ஆனா ஒங்க லைசென்ஸ்…"

"ஏறுங்க" என்றார். வண்டி நகர்ந்த பிறகுதான் நான் ஏறினேன்.

சட்டை கசங்கக் கூடாது என்று சீட்டில் சாயாமல், பரீட்சை எழுதுகிறவனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வண்டி நாற்பது மைல் வேகத்தைத் தொட்டதும் ஒத்திகை ஆரம்பித்தது.

"போலீஸ் நிப்பாட்டினா என்ன சொல்லுவீங்க?"

"பொண்ணு பாக்கப் போறேன்னு…"

"வெளங்கிரும். பொண்ணு பாக்குறது அவசரமா? கேட்டா, நிதானமாப் போய்யான்னு புத்தி சொல்லி எழுதுவாரு. அக்காளுக்குப் பிரசவ வலி. தாய்மாமன் போறீங்க. சொல்லுங்க."

"எனக்கு அக்கா இல்லையே, அண்ணே."

"அதான் நல்லது. இருந்தா பொய் சொன்ன தோசம் அந்தப் புள்ளைக்குப் போயிரும். சொல்லுங்க."

"அக்காவுக்குப் பிரசவ வலி."

"பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சம் பதறுங்க. அழுக வேணாம், ஒங்களுக்கு வராது."

பத்து மைல் வரை பதறிப் பதறிப் பழகினேன். அர்ஜண்ட் ஒரு கையால் ஸ்டீரிங்கையும் மறு கையால் என் உச்சரிப்பையும் திருத்திக்கொண்டு வந்தார்.

அந்த ரோட்டுக்குப் புதிதாக ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்திருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் ரோட்டில் மறித்து நிற்கிற ரகமில்லை. ஒரு பர்லாங் கல்லில் ஒரு கான்ஸ்டபிளைப் புளியமரத்துக்குப் பின்னால் நிறுத்துவார். கார் கல்லைத் தாண்டும்போது கான்ஸ்டபிள் கைக்குட்டையை ஆட்டுவார். அரைக்கால் மைல் தள்ளி, அடுத்த பர்லாங் கல்லில் சப்-இன்ஸ்பெக்டர் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார். பதினைந்து விநாடிக்குள் வந்துவிட்டால் கை காட்டுவார். நாங்கள் பதினொன்றில் வந்தோம்.

கார் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்டிப்பான மீசை. பக்கத்தில் மோட்டார் சைக்கிள்.

"எங்க போறீங்க இப்படி?"

சூத்திரப்படி அர்ஜண்ட் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். பத்து மைல் பழகின அக்கா எங்கேயோ போய்விட்டாள். மூன்று நாளாக என் தலைக்குள் இருந்தது ஒரே ஒரு வார்த்தைதான். அது வெளியே வந்தது.

"சம்சாரத்துக்குப் பிரசவ வலிங்க!"

அர்ஜண்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்த ஊரு?"

"ஆவூருங்க."

"யாரு வீடு?"

"சவரிமுத்து வாத்தியார் வீடு. மாதா கோவிலுக்கு அடுத்த வீடு."

உண்மை பேச வேண்டும் என்ற ஆசை எனக்கு அந்த இடத்தில்தான் வர வேண்டுமா?

சப்-இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. மீசைகூட இளகினாற்போல இருந்தது.

"தலைப்பிரசவமா?"

தலையை ஆட்டினேன்.

"எம் மூத்தவன் பொறந்தப்ப நான் பந்தோபஸ்துல நின்னேன்யா. லீவு தரலை. போய்ச் சேந்தப்ப பிள்ளைக்குப் பதினெட்டு நாளு. என் பொண்டாட்டி இன்னும் அதைச் சொல்லிக்கிட்டிருக்கா." தொப்பியை அழுத்திக்கொண்டார். "கீரனூர் சந்தையில மாட்டு வண்டியா நிக்கும். நீங்க போய்ச் சேர மாட்டீங்க. எம் பின்னாடி வாங்க. நான் வழி விலக்கி விடுறேன்."

சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்.

சந்தை நாளில்லாத ஞாயிற்றுக்கிழமை, வண்டிகள் ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் ஐம்பது மைலைத் தொட்டிருந்தார். அர்ஜண்ட் அண்ணன் தன் ஆயுளில் முதல்முறையாகப் போலீஸின் அனுமதியோடு வேகமாகப் போனார். அதைவிட ஆச்சரியம், முதல்முறையாகப் பின்தங்கினார். கார் முக்கியது, முனகியது, கயிறு கட்டிய கதவு திறந்து மூடியது.

"கொஞ்சம் மெதுவாப் போங்கய்யா!" என்று ஜன்னல் வழியே கத்தினார். அர்ஜண்ட் வாயில் 'மெதுவா' என்ற சொல்லைக் கேட்ட ஒரே சாட்சி நான்.

"அண்ணே, வேற ஊருக்குத் திருப்பிருங்க" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஊரு பேரு, வீட்டு அடையாளம், மாமனார் பேரு எல்லாத்தையும் நீங்கதான குடுத்தீங்க? இனி ஒங்க ஞானஸ்நானச் சீட்டு ஒண்ணுதான் குடுக்கல." கொஞ்ச தூரம் போய், "அக்காள்னு சொல்லிக் குடுத்தேனே தம்பி" என்றார். திட்டினால் தேவலை போலிருந்தது. அவர் திட்டவில்லை.

மூன்று ஐம்பத்தைந்துக்கு ஆவூர் மாதா கோவில் தெரிந்தது. மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குத் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. சவரிமுத்து வாத்தியார் வீட்டு வாசலில் அவரும், அவர் மனைவியும், என் அம்மாவும், உறவுக்காரர்கள் பத்துப் பேரும் சிரித்த முகமாக நின்றிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் குதித்து இறங்கி, மூச்சு வாங்க, "பிள்ளை பொறந்துருச்சா?" என்றார்.

"யாருக்கு?" என்றார் சவரிமுத்து வாத்தியார்.

"இவரு சம்சாரத்துக்கு."

காருக்குள்ளிருந்து பாதி இறங்கியிருந்த என்னை அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒரு காலை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

"இவருக்குச் சம்சாரம் இருக்கா?" வாத்தியாரின் குரல் பிரம்பைப் போல வந்தது.

அம்மாவாவது இல்லையென்று சொல்லியிருக்கலாம். அவள் போலீஸ் உடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மார்பில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி! எங்கிட்டகூடச் சொல்லலையேடா!"

பெற்றவளே நம்பிவிட்டாள். இனி எனக்கு யார் சாட்சி? சவரிமுத்து வாத்தியார் வாசற்கதவில் கை வைத்தார், சாத்தத்தான்.

அப்போதுதான் அர்ஜண்ட் அண்ணன் காரைவிட்டு இறங்கினார். எப்போதும் குதிக்கிறவர், அன்றைக்கு நடந்து வந்தார். இன்னொரு பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவரிடம் இல்லாத பொய்யா? சட்டைப் பையிலிருந்து ஒரு தகர டப்பியை எடுத்தார். அதற்குள்ளிருந்து லைசென்ஸை எடுத்து, இரண்டு கையாலும் சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"ஐயா, வேகமா வந்தது நானு. பொய் சொல்லச் சொல்லிக் குடுத்ததும் நானு. இந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆகலை. இந்த வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்துச்சு, அதுக்குத்தான் இவ்வளவு அவசரம். அக்காளுக்குப் பிரசவம்னு சொல்லச் சொன்னேன். அதைக்கூட ஒழுங்காச் சொல்ல வரலைங்க. எழுதிக்கங்க."

சப்-இன்ஸ்பெக்டர் லைசென்ஸைத் திறந்தார். இரண்டு சிவப்பு எழுத்துகளையும் படித்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். "மூணாவது விழுந்தா என்னான்னு தெரியும்ல?"

"தெரியுங்க."

"வழியெல்லாம் எங்க ஊரு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டே வந்தேன்யா!" என்றார் அவர். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. "இல்லாத பொம்பளைக்கு! இல்லாத பிள்ளைக்கு! தேங்கா உடைக்கிறேன்னு வேற சொல்லிட்டேன்."

பேனாவைத் திறந்து எழுதினார். கதவருகே நின்ற சவரிமுத்து வாத்தியார், "போலீஸ்ல பொய் சொல்ற பையன் நம்ம வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லி முடித்தார்.

"அப்பா."

உள்ளேயிருந்து காபித் தட்டோடு ஒரு பெண் வந்தாள். யாரும் கூப்பிடாமல் வந்தாள். பெண் பார்க்கிற வழக்கத்தில் அதுவும் முறையில்லைதான்.

"பொய் சொல்றவருன்னு எப்படிச் சொல்றீங்க? சொல்லிக் குடுத்தும் ஒரு பொய் ஒழுங்கா வரலைன்னு டிரைவர் அண்ணனே சாட்சி சொல்றாங்க. இப்படிப்பட்ட ஆளு வேற எங்க கிடைக்கும்? சாயங்காலம் வீட்டுக்கு லேட்டா வந்தாக்கூட மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிரலாம்." அப்புறம் அர்ஜண்ட் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மொதல்ல நீங்க எடுத்துக்கங்க."

காபி ஆவி பறந்தது. அண்ணன் ஆறும்வரை நின்று குடித்தார். நான் பார்த்தேன்.

உள்ளே கடிகாரம் நான்கு அடித்தது. சவரிமுத்து வாத்தியார் அதை எண்ணினார். நான் அவர் வாசலில்தான் இருந்தேன், நேரம் தவறவில்லை. அதற்கு மேல் அவருக்கு வாதம் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி என்னை உள்ளே இழுத்தார். நாலரைக்கு இன்னும் அரை மணிதான் இருந்தது.

அர்ஜண்ட் லைசென்ஸ் ஆறு மாதத்துக்குப் போனது. காரை வேறு டிரைவருக்கு விடலாமே என்று கேட்டதற்கு, "என் வண்டிய இன்னொருத்தன் மெதுவா ஓட்டுறத நான் பாக்கணுமா?" என்றார். காலையில் ஸ்டாண்டுக்கு வந்து காரைத் துடைப்பார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். நான் பள்ளிக்கூடம் விட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்காருவேன். "வருத்தப்படாதீங்க, தம்பி. உக்காந்தா என்னதான் இருக்குன்னு பாக்குறேன்" என்பார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டில் நின்ற அந்தக் காரே லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் கல்யாணம் அந்த ஆறு மாதத்துக்குள் வந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சாமான்களை அவர் மாட்டு வண்டியில் ஏற்றி ஆவூருக்கு ஓட்டி வந்தார். பாதிரியார் எழுந்து முகம் கழுவுவதற்குள் கோவில் வாசலில் நின்றார். மாடுகள் இரண்டும் அன்றைக்கு முழுக்க எழுந்திருக்கவில்லை.

அடுத்த வருஷம் நிஜமாகவே தந்தி வந்தது. செசிலிக்கு ஆவூரில் வலி கண்டிருக்கிறது. ஸ்டாண்டுக்கு ஓடினேன். அர்ஜண்ட் லைசென்ஸ் திரும்பி வந்திருந்தது. "ஏறுங்க" என்றார். நான் நிதானமாக ஏறி உட்கார்ந்து கதவைக் கயிறு போட்டுக் கட்டிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. மணிக்கு இருபது மைலுக்கு மேல் போகவில்லை. சைக்கிள்காரன் ஒருவன் எங்களைத் தாண்டிப் போனான்.

பர்லாங் கல்லருகே அதே சப்-இன்ஸ்பெக்டர் கை காட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார், காதில் வைத்து ஓடுகிறதா என்று கேட்டார்.

"என்னய்யா, வண்டி ரிப்பேரா?"

சூத்திரத்தை மீறி அர்ஜண்டே பதில் சொன்னார். "இல்லைங்கய்யா. பிள்ளைக்கு அப்பன் உள்ள இருக்கு. சேதமில்லாமக் கொண்டுபோய்ச் சேக்கணும்."

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து என்னைப் பார்த்தார். நான் தந்தியை எடுத்து நீட்டினேன். "போங்க, போங்க. அந்தத் தேங்காயை நான் இன்னும் உடைக்கலை" என்று வழி விட்டார்.

சமீபத்தில் அர்ஜண்ட் அண்ணன் காலமானார். தூக்கத்தில், ஒரு நொடியில். யாரையும் காக்க வைக்கவில்லை. சாம்பார் ஆறுகிற வரை காத்திருக்க முடியாத மனிதர், எனக்காக ஆறு மாதம் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்து இதையெல்லாம் எழுதி, என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். செசிலி முழுவதையும் கேட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் அந்தச் சட்டைக்காகவா?" என்றாள். "அன்னிக்கு முழுக்க நான் அதை இஸ்திரி போடாத சட்டைன்னுல்ல நினைச்சேன்."